ரேடியோவின் வாயை அடைப்பது யாருக்காக?

(அரக்கோணத்தில் ஆலைத் தொழிலாளரும் ரயில்வே தொழிலாளரும் சுற்றுக் கிராமங்களின் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்தக் கூட்டத்துக்கு வரும் வழியில் ஒரு தோழர் எங்களை நிறுத்திக் கேட்டார். "கூலி உயர்வைப் பற்றிப் பேசுவீர்கள், அரிசி விலையைப் பற்றிப் பேசுவீர்கள் என்று பார்த்தால், ரேடியோவைப் பற்றிப் பேசப் போகிறீர்களாமே! ரேடியோ போனால் நமக்கு என்ன போச்சு?" என்றார்.

நியாயமான கேள்விதான். நாள் முழுவதும் நாற்று நட்டுவிட்டு, அல்லது டயர் ஆலையில் ஷிப்டு முடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்கள் நேரத்துக்கு மதிப்பு உண்டு. ஆனால் ஒன்று கேட்கிறோம். நீங்கள் கூலி கேட்டு நிற்கிற செய்தி பக்கத்துத் தாலுகாவுக்குப் போக வேண்டுமானால் யாருடைய வாய் வழியாகப் போக வேண்டும்? அந்த வாய்க்குச் சொந்தக்காரன் யார்? இதைத் தெரிந்துகொள்ளாமல் கூலிப் போராட்டமும் நடத்த முடியாது. அதனால்தான் ரேடியோ.

நடந்தது என்ன என்று முதலில் பார்ப்போம்.

1988 முதல் அகில இந்திய வானொலிக்கு "தேசிய அலைவரிசை" என்று ஒன்று இருந்தது. நாகபுரியிலிருந்து இரவு முழுவதும் ஒலிக்கும். ஊர் தூங்கும் நேரத்தில் விழித்திருக்கிற லாரி டிரைவர், கேட்கீப்பர், ராத்திரி ஷிப்டுக்காரர் ஆகியோருக்குத் துணையாக இருந்தது. பெரும்பாலும் ஹிந்தியும் இங்கிலீஷும்தான், தமிழுக்கு அதில் பெரிய இடம் இருந்ததென்று நாம் சொல்லவில்லை. 2018 டிசம்பரில் ஒரே உத்தரவில் அதை மூடினார்கள். அதே உத்தரவில் ஆமதாபாத், ஹைதராபாத், லக்னோ, ஷில்லாங், திருவனந்தபுரம் ஆகிய 5 ஊர்களில் இருந்த வானொலிப் பயிற்சிக் கழகங்களையும் மூடினார்கள். சொன்ன காரணம் சிக்கனம்.

சிக்கனமா? அதே 2018 டிசம்பரில்தான் மத்திய மந்திரி நாடாளுமன்றத்தில் ஒரு கணக்கு வைத்தார். 2014-15 முதல் அந்த மாதம் வரை மத்திய சர்க்கார் தன்னுடைய விளம்பரத்துக்காகச் செலவிட்ட தொகை 5,200 கோடி ரூபாய்க்கு மேல். அந்தப் பணம் எங்கே போயிற்று? பத்திரிகை முதலாளிகளுக்கும் டெலிவிஷன் முதலாளிகளுக்கும் விளம்பரப் பலகைக்காரர்களுக்கும் போயிற்று. தன் வீட்டு அடுப்பை அணைத்துவிட்டு ஹோட்டலில் கணக்கு வைத்துச் சாப்பிடுகிறவனைச் சிக்கனக்காரன் என்று நீங்கள் சொல்வீர்களா?

அதற்கு அடுத்த ஆண்டு, 2019 செப்டம்பரில், கம்பெனி வரியை 30 சதவீதத்திலிருந்து 22 சதவீதமாகக் குறைத்தார்கள். அதனால் கஜானாவுக்கு ஏற்படும் நஷ்டம் ஆண்டுக்கு 1,45,000 கோடி என்று நிதி மந்திரியே சொன்னார். பிறகு பிரசார் பாரதிக்கு, அதாவது வானொலியும் தூர்தர்ஷனும் சேர்ந்த ஸ்தாபனத்துக்கு, பட்ஜெட்டில் ஒதுக்கியதைப் பாருங்கள். 2020-21இல் 2,889 கோடி. 2021-22இல் 2,640 கோடி. 2022-23இல் 2,555 கோடி. விலைவாசி ஏறியது, பஞ்சப்படி ஏறியது, ஒதுக்கீடு மட்டும் இறங்கியது. கலாசார இலாகாவின் கதியும் இதுதான். 2020-21இல் 3,149 கோடி என்று பட்ஜெட்டில் எழுதியது, மறு ஆண்டு 2,687 கோடியாகச் சுருங்கியது. நூல் நிலையம், மியூசியம், தொல்பொருள் ஆராய்ச்சி, நாடகக் கலைஞர்களுக்குக் கொடுக்கும் சொற்ப மானியம் எல்லாம் இதற்குள்தான் அடக்கம்.

கூரைமேல் ஆண்டெனா கட்டி, மாதம் ஒரு காசும் கொடுக்காமல் டெலிவிஷன் பார்த்த காலம் ஒன்று உண்டல்லவா? அந்தத் தரைவழி ஒளிபரப்புக் கோபுரங்கள் நாடு முழுவதும் 1,400க்கு மேல் இருந்தன. 2022 மார்ச்சுக்குள் ஏறக்குறைய 50 தவிர மற்றவற்றை நிறுத்திவிடுவதாக 2021 அக்டோபரில் அறிவித்தார்கள். ஆண்டுக்குச் சுமார் 100 கோடி மிச்சமாம். இனி தட்டு வாங்கி மாட்டிக் கொள்ளுங்கள், மாதச் சந்தா கிடையாது என்றார்கள். சந்தா கிடையாது என்பது உண்மை. ஆனால் தட்டும் பெட்டியும் மரத்திலா காய்க்கின்றன? மிச்சமான 100 கோடியில் ஒரு பங்கு இப்படிக் கூலிக்காரன் மடியிலிருந்து போனது.

1948இல் தொடங்கிய பிலிம்ஸ் டிவிஷன், 1955இல் தொடங்கிய குழந்தைத் திரைப்படச் சங்கம், 1964இல் தொடங்கிய திரைப்படக் காப்பகம் ஆகியவற்றையெல்லாம் 2022இல் ஒரு கார்ப்பரேஷனுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். 2020 ஜூலையில் அகில இந்தியக் கைத்தறி வாரியத்தைக் கலைத்தார்கள். குருவராஜப்பேட்டை, பொதட்டூர்ப்பேட்டையிலிருந்து வந்திருக்கும் நெசவாளத் தோழர்களுக்கு அதைப் பற்றி நாம் சொல்ல வேண்டியதில்லை. அந்த வாரியம் பெரிதாக எதையும் வெட்டி முறித்துவிடவில்லை. ஆனாலும் டில்லியில் நெசவாளியின் பிரதிநிதி நாற்காலி போட்டு உட்கார்ந்து பேச இருந்த இடம் அது. அந்த நாற்காலியும் போயிற்று.

இப்போது கொஞ்சம் பழைய கதை. இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

நம் ராஜ்யத்தில் ரேடியோ தோன்றியது எப்படி? 1924இல் சென்னையில் சில கனவான்கள் ஒரு ரேடியோ கிளப் வைத்தார்கள். மூன்றே ஆண்டில் பணமில்லாமல் முடங்கியது. யந்திரத்தை யார் வாங்கிக் கொண்டது? சென்னை நகரசபை. 1930 ஏப்ரல் 1ஆம் தேதி நகரசபையின் ஒலிபரப்பு ஆரம்பமாயிற்று. மெரினா கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்தார்கள். வீட்டில் பெட்டி இல்லாதவனும் மணலில் உட்கார்ந்து கேட்டான். பம்பாயிலும் கல்கத்தாவிலும் 1927இல் லாபத்துக்காகத் தொடங்கிய தனியார் கம்பெனியும் இதேபோல் திவாலாகி, அதே 1930 ஏப்ரலில் சர்க்கார் கைக்கு வந்தது. தனியார் முதலாளி கைவிட்ட பிள்ளையைப் பொதுப் பணம்தான் எடுத்து வளர்த்தது. பிள்ளை வளர்ந்து ஆளான பிறகு முதலாளி வந்து உரிமை கொண்டாடுகிறான்!

இன்னும் கேளுங்கள். 1931 அக்டோபரில் வெள்ளைக்கார சர்க்கார், பணமுடை என்று சொல்லி, ஒலிபரப்பை மூடப் போவதாக அறிவித்தது. அப்போது தேசத்தில் ரேடியோப் பெட்டி வைத்திருந்தவர்கள் சில ஆயிரம் பேர்தான். அவர்கள் போட்ட கூச்சலிலேயே நவம்பர் மாதத்தில் உத்தரவை வாபஸ் வாங்க நேர்ந்தது. சில ஆயிரம் பேரின் கூச்சலுக்கு வெள்ளைக்காரன் பணிந்தான். இன்று கோடிக்கணக்கான பேர் இருக்கிறோம், மூடுகிற சத்தம்கூட நம் காதில் விழவில்லை.

சென்னை நிலையம் 1938 ஜூன் 16இல் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு மே மாதம் திருச்சி. சுதந்திரத்துக்குப் பிறகு பஞ்சாயத்து ரேடியோ வந்தது. இங்கே நரைத்த தலைகள் பல இருக்கின்றன, உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பஞ்சாயத்துக் கட்டடத்தில் ஒரு பெட்டி, வெளியே கம்பத்தில் புனல் மாதிரி ஒரு குழாய். பொழுது சாய்ந்தால் அந்தக் கம்பத்தடியில் ஊர் கூடும். செய்தி, நெல் விலை, வெள்ள எச்சரிக்கை, பாட்டு. எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கு அதுதான் பத்திரிகை. அந்தக் கம்பத்தடியிலும் சில ஊர்களில் யார் எங்கே உட்காருவது என்ற பேதம் இருந்தது என்பதை மறைக்க வேண்டாம். ஆனால் காற்றில் வருகிற குரலுக்குச் சேரி என்றும் ஊர் என்றும் தெரியாது. அது இரண்டு பக்கமும் போயிற்று.

1960களின் பிற்பகுதியில் தஞ்சாவூர் ஜில்லாவில் ஏ.டி.டி.27 என்ற புது நெல் பரவியது. திருச்சி வானொலியின் பண்ணை ஒலிபரப்பைக் கேட்டு விதைத்ததால் ஜனங்கள் அதற்கு "ரேடியோ நெல்" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஒரு ஒலிபரப்பின் பெயர் ஒரு பயிருக்கு வந்தது என்றால் அதன் பலத்தைப் பார்த்துக் கொள்ளுங்கள். பின்னாளில் சென்னைத் தூர்தர்ஷனில் "வயலும் வாழ்வும்" வந்தபோது பட்டணத்து ஆட்கள் சிரித்தார்கள். உரம் போடுவதைப் பற்றி எவன் பார்ப்பான் என்றார்கள். சோறு மட்டும் சாப்பிட்டார்கள்.

ஆனால் தோழர்களே, கதையின் மறுபாதியையும் சொல்லாமல் விட்டால் நாம் யோக்கியர்கள் அல்ல. ரேடியோ நெல் அமோகமாக விளைந்த அதே கீழத் தஞ்சையில்தான், கூலியை உயர்த்திக் கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களை, 1968 டிசம்பர் 25ஆம் தேதி இரவு வெண்மணியில் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். 44 உயிர். விதையைப் பற்றியும் உரத்தைப் பற்றியும் பாடம் சொன்ன பண்ணை ஒலிபரப்பு நிலம் உள்ளவனோடு பேசியது. நிலம் இல்லாதவனின் படி நெல்லும் அரைப் படி நெல்லும் அதன் பாடத்தில் இல்லை.

இங்கேதான் வழியில் பார்த்த அந்தத் தோழரின் இரண்டாவது கேள்வி வருகிறது. "அது சர்க்கார் ஊதுகுழல்தானே, ஒழிந்தால் ஒழியட்டுமே!" என்றார்.

ஊதுகுழல்தான், மறுக்கவில்லை. எங்களைவிட அதை அனுபவித்தவர்கள் யார்? 1975இல் நெருக்கடி நிலை வந்தபோது அகில இந்திய வானொலியை ஜனங்கள் "ஆல் இந்திரா ரேடியோ" என்று கேலி பேசினார்கள். 1966இலேயே சந்தா கமிட்டி ரேடியோவைச் சர்க்கார் பிடியிலிருந்து விடுவி என்றது. 1978இல் வர்கீஸ் கமிட்டியும் அதையே சொன்னது. பிரசார் பாரதிச் சட்டம் 1990இல் நிறைவேறி, அமலுக்கு வந்தது 1997இல். ஒரு சட்டம் பெட்டியில் 7 ஆண்டு தூங்கியது. அப்படியும் சுதந்திரம் வந்ததா? 2017 சுதந்திர தினத்தன்று திரிபுரா முதல் மந்திரி மாணிக் சர்க்கார் பேசிய பேச்சை, மாற்றித் தந்தால் தவிர ஒளிபரப்ப மாட்டோம் என்றார்கள். ஜனங்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த ஒரு முதல் மந்திரியின் கதியே இது என்றால் கிளைச் சங்கச் செயலாளர் எம்மாத்திரம்!

மேட்டிமைத்தனமும் அதில் நிறைய உண்டு. 1940 முதல் முப்பது ஆண்டுக்கு மேல் ஹார்மோனியத்துக்கு ரேடியோவில் தடை. நம் வடாற்காட்டுத் தெருக்கூத்து ஹார்மோனியப் பெட்டி இல்லாமல் நடக்குமா? கூத்துக்காரன் வாசலுக்கு வெளியே நின்றான். 1952இல் மந்திரி கேஸ்கர் சினிமாப் பாட்டைக் கட்டுப்படுத்தினார். ஜனங்கள் சிலோன் ரேடியோவுக்கு முள்ளைத் திருப்பினார்கள். வேறு வழியில்லாமல் 1957இல் விவித பாரதியை ஆரம்பித்தார்கள். ஜனங்களின் காது மந்திரியைத் தோற்கடித்தது! இப்படி ஒவ்வொரு அடியாக இடித்துத்தான் நாட்டுப்புறப் பாட்டும் வில்லுப்பாட்டும் கூத்தும் உள்ளே போயின. வானொலி கொடுக்கும் தரச்சான்றுக்குக் கிராமத்துக் கலைஞனிடம் இன்றும் மதிப்பு உண்டு, கோயில் திருவிழாவில் அவனுக்குக் கூடுதலாகப் பத்து ரூபாய் வாங்கித் தருகிறது.

ரேஷன் கடையில் எடைக்கல் கள்ளக்கல்லாக இருக்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். நாம் என்ன செய்வோம்? கடைக்காரனை மறிப்போம், தாசில்தாரிடம் போவோம், நல்ல கல் வைக்கச் செய்வோம். "கடையை மூடு, நாங்கள் மளிகை மண்டியில் வாங்கிக் கொள்கிறோம்" என்று எந்தத் தொழிலாளியாவது சொல்வானா? சொன்னால் மண்டிக்காரன்தான் கைதட்டுவான். கல் திருத்தக் கூடியது. கடை போனால் போனதுதான்.

அந்த மண்டிக்காரன் யார் என்று பாருங்கள். தனியார் எப்.எம். ரேடியோக்கள் நாள் முழுவதும் பாட்டும் நகைக்கடை விளம்பரமும் போடுகின்றன. அவை சொந்தமாகச் செய்தி சேகரித்துச் சொல்ல அனுமதி கிடையாது. அகில இந்திய வானொலியின் செய்தியை அப்படியே எடுத்துப் போடலாம், அவ்வளவுதான். ஆக, இந்தத் தேசத்தில் ரேடியோவில் செய்தி என்று ஒன்று இருந்தால் அது பொது வானொலிச் செய்திதான். அதையும் சுருக்கினால் ரேடியோவில் நகைக்கடை மட்டும் மிஞ்சும். 1995இல் சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்பில் சொல்லியிருக்கிறது, வான் அலைகள் பொதுச் சொத்து என்று. ஏரி புறம்போக்கு மாதிரி. காவேரிப்பாக்கம் ஏரியில் ஒருவன் வேலி போட்டால் நெமிலி விவசாயி சும்மா இருப்பாரா?

புயல் காலத்தை நினைத்துப் பாருங்கள். 2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல் சென்னையில் கரையேறி இந்தப் பக்கமாகத்தான் கடந்தது. கரண்டு கம்பங்கள் சாய்ந்தன, கைபேசிகள் ஊமையாயின. அப்படிப்பட்ட ராத்திரியில் இரண்டு செல் போட்ட சின்ன ரேடியோவுக்கு மின்சாரமும் வேண்டாம், இன்டர்நெட்டும் வேண்டாம். லாபம் பார்க்கிற எந்தக் கம்பெனி, புயல் ராத்திரிக்காக ஒரு டிரான்ஸ்மிட்டரை ஆண்டு முழுவதும் காத்து வைத்திருக்கும்?

அந்த நிலையங்களுக்குள் உழைப்பவர்கள் யார் தெரியுமா? நம் ஆட்கள்தான். மில்லில் "பதிலி" என்று ஒரு ஜாதி உண்டல்லவா? பத்து வருஷம், பதினைந்து வருஷம் கேட்டில் நின்று, இன்றைக்கு ஆள் குறைந்தால் வா, இல்லையென்றால் போ என்று கேட்டவர்கள் இங்கேயே இருக்கிறீர்கள். வானொலி அறிவிப்பாளர்களில் பெரும் பகுதி பதிலிகள். "கேஷுவல்" என்று நாசூக்காகப் பெயர். மாதத்துக்கு 6 நாள் அழைப்பு. வீட்டுக்கு வீடு தெரிந்த குரலாக இருப்பார், பென்ஷன் கிடையாது, கிராஜுவிடி கிடையாது. நிரந்தர ஊழியர் ஓய்வு பெற்றால் அந்த நாற்காலியை நிரப்புவதில்லை. ஆள் இல்லை என்று நிகழ்ச்சியைக் குறைப்பது, நிகழ்ச்சி இல்லை என்று ஆளைக் குறைப்பது, கடைசியில் "யாரும் கேட்பதில்லை" என்று கணக்கு எழுதி மூடுவது. பஞ்சாலைகளை நலிந்த ஆலை என்று சொல்லி மூடிய கதைதான் இதுவும். 2023 ஜனவரியில் 2,539 கோடிக்கு ஒரு திட்டம் அறிவித்தார்கள், மறைக்கவில்லை. கோபுரமும் யந்திரமும் வாங்க அதில் பணம் உண்டு, நல்லதுதான். ஆனால் கோபுரம் பேசுமா? மனிதன்தான் பேச வேண்டும்.

எந்தப் பாஷையில் பேசுவது என்பதிலும் விஷயம் இருக்கிறது. நம் ஊர் எல்லைப்புற ஊர். திருத்தணி 1960 ஏப்ரல் 1ஆம் தேதிதான் எல்லைத் தகராறு தீர்ந்து நம் ராஜ்யத்தோடு சேர்ந்தது. இங்கே வீட்டில் தெலுங்கும் வெளியில் தமிழும் பேசுகிற உழைப்பாளிகள் ஏராளம். அவர்களுக்குள் சண்டை இல்லை. டில்லிக்குத்தான் எல்லாப் பாஷையும் ஒன்றாக ஒலிக்க வேண்டும் என்ற ஆசை. 2023 மே மாதத்தில் "ஆல் இந்தியா ரேடியோ" என்று சொல்லக் கூடாது, "ஆகாஷவாணி" என்றே சொல்ல வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். பெயர் மாற்ற மட்டும் பணமும் நேரமும் இருந்தது. 2017-18 முதல் 2019-20 வரை மூன்று ஆண்டில் சம்ஸ்கிருத வளர்ச்சிக்கு மத்திய சர்க்கார் கொடுத்தது 643 கோடி 84 லட்சம். செம்மொழித் தமிழுக்கு அதே மூன்று ஆண்டில் 22 கோடி 94 லட்சம். சம்ஸ்கிருதத்தோடு நமக்கு விரோதம் கிடையாது, யாரும் படிக்கட்டும். ஆனால் பணமில்லை என்று மட்டும் நம்மிடம் சொல்ல வேண்டாம். இஷ்டப்பட்ட இடத்துக்குப் பணம் இருக்கிறது.

வெளிநாட்டிலும் இதே நாடகம்தான். லண்டனிலிருந்து 1941 முதல் ஒலித்த பி.பி.சி. தமிழோசை வானொலி 2017 ஏப்ரலோடு நின்றது. இலங்கையில் யுத்தம் நடந்த ஆண்டுகளில் அதை நம்பி இரவில் காத்திருந்த வீடுகள் எத்தனை! அமெரிக்காவில் 1967 முதல் பொது ஒலிபரப்புக்குப் பணம் பங்கிட்டுக் கொடுத்து வந்த கார்ப்பரேஷனுக்கு 2025 ஜூலையில் 110 கோடி டாலரை ரத்து செய்தார்கள். அது கடையைக் கட்டப் போவதாக அடுத்த மாதமே அறிவித்தது.

கிரேக்க நாட்டுக் கதையைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். 2013 ஜூன் 11ஆம் தேதி. கடன் கொடுத்தவர்கள் ஆட்குறைப்புக் கேட்டார்கள். அரசாங்கம் பகலில் அறிவித்து, அன்று ராத்திரியே "இ.ஆர்.டி." என்ற பொது ஒலிபரப்பை அணைத்தது. டெலிவிஷன் திரை கறுத்தது, ரேடியோ அடங்கியது. சுமார் 2,600 ஊழியர் தெருவில். அவர்கள் என்ன செய்தார்கள்? வீட்டுக்குப் போகவில்லை. கட்டடத்துக்குள்ளேயே உட்கார்ந்து ஒலிபரப்பைத் தொடர்ந்தார்கள். வெளியே ஜனங்கள் ஆயிரக்கணக்கில் கூடினார்கள், வாத்தியக் கோஷ்டி வாசலில் வந்து வாசித்தது. கிரேக்கக் கம்யூனிஸ்ட் கட்சியின் "902" டெலிவிஷன் அவர்கள் நிகழ்ச்சியை எடுத்து ஒளிபரப்பியது. நவம்பரில் போலீஸ் வந்து ஊழியரை வெளியேற்றியது. சலோனிக்கா நகரில் ஊழியர்கள் அதற்குப் பிறகும் சம்பளமில்லாமல் நடத்தினார்கள். சரியாக இரண்டு ஆண்டு கழித்து, 2015 ஜூன் 11ஆம் தேதி, அதே பெயரில் அது மறுபடி திறந்தது. அந்த ஸ்தாபனமும் ஊழல் இல்லாத, ஊதுகுழல் அல்லாத புண்ணிய ஸ்தாபனம் அல்ல. ஆனாலும் ஜனங்கள் விடவில்லை.

நாம் என்ன கேட்கிறோம்? காலி இடங்களை நிரப்பு. பதிலி அறிவிப்பாளரை நிரந்தரமாக்கு. மூடியதைத் திற. பிரசார் பாரதிச் சட்டம் சொல்லும் சுதந்திரத்தை நடைமுறையில் கொடு. அதற்கு மேல், நம்முடைய சொந்தக் கோரிக்கை ஒன்று. வானொலியில் நெல் விலை சொல்கிறார்கள், தங்கம் விலை சொல்கிறார்கள். நூறு நாள் வேலைக்கு அறிவித்த கூலி எவ்வளவு, விவசாயத் தொழிலாளிக்குச் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி எவ்வளவு என்பதையும் வாரம் ஒரு முறை தமிழில் சொல்லட்டும். எல்லைப்புறத்துக்குத் தெலுங்கிலும் சொல்லட்டும். மேஸ்திரி எவ்வளவு பிடித்துக் கொண்டான் என்பது அன்று மாலையே தெரிந்துவிடும்.

கிராமசபை ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 முதலிய நாட்களில் கூடுகிறது. ஒவ்வொரு ஊரிலும் நம் தோழர்கள் இரண்டு பேராவது இந்தத் தீர்மானத்தை எழுதிக் கொண்டு போக வேண்டும். ஆலைச் சங்கங்களும் ரயில்வே சங்கமும் செயற்குழுவில் நிறைவேற்றிச் சென்னை நிலையத்துக்கும் டில்லிக்கும் தபாலில் அனுப்ப வேண்டும். கிராமசபைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. "பார்க்கலாம், எழுதிக் கொள்கிறோம்" என்று வாயால் சொல்வார்கள். தீர்மானப் புத்தகத்தில் மையால் எழுதி, நம்பர் போட்டு, கையெழுத்து வாங்கிக் கொண்டு, நகலைச் சங்க ஆபீசில் ஒப்படைத்த பிறகு வீட்டுக்குப் போங்கள்.